தேய்மானம் என்ற சொல்லும் ஒரு சமையலரின் முழங்காலும்: ஒரு நிகழ்வு ஆய்வு

சென்ற ஐப்பசியில், மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் அவர் என்னிடம் வந்தார். வயது 62. காவிரிப் பாசனப் பகுதியில் ஒரு சிறிய ஊர். பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமையலராக வேலை பார்த்து, இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓய்வு பெற்றவர். கையில் இரண்டு கோப்புகள் வைத்திருந்தார். ஒன்று சர்க்கரைக்கு, மற்றது முழங்காலுக்கு. சர்க்கரைக் கோப்பின் கடைசிச் சீட்டில் தினமும் 45 நிமிடம் நடக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. முழங்கால் கோப்பின் கடைசிச் சீட்டில் நடையைக் குறைக்கவும், படி ஏற வேண்டாம் என்று எழுதியிருந்தது. இரண்டையும் மேசையில் அருகருகே வைத்துவிட்டு, "இதில் எதைக் கேட்பது, தம்பி?" என்றார்.

நான் இயன்முறை மருத்துவர். இப்படி இரண்டு சீட்டுகளோடு வருகிறவர்களை வாரந்தோறும் பார்க்கிறேன். ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நேராகக் கேட்டவர் இவர்தான். அடுத்த 24 வாரங்களில் அந்தக் கேள்விக்கு நாங்கள் தேடிய விடையை, இடையில் செய்த தவறுகளையும் சேர்த்து, அவருடைய அனுமதியோடு இங்கே எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

வந்தபோது இருந்த நிலை

இரண்டாம் வகை நீரிழிவு கண்டுபிடித்து 9 ஆண்டுகள். மெட்ஃபார்மின் 1000 மி.கி. இரு வேளை, கிளிமிபிரைடு 2 மி.கி. காலையில், ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டன் 40 மி.கி. வலது முழங்காலில் 6 ஆண்டுகளாக வலி, இடது காலில் 2 ஆண்டுகளாக. எக்ஸ்ரேயில் வலது பக்கம் மூன்றாம் நிலை, இடது பக்கம் இரண்டாம் நிலை. மூட்டு எந்த அளவுக்குப் பாதிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லும் இந்த நிலைக்கணக்கு 1957-இல் கெல்கிரன், லாரன்ஸ் என்ற இருவர் வகுத்தது. இன்றும் உலகம் முழுவதும் அதைத்தான் பயன்படுத்துகிறோம். எக்ஸ்ரே நிலையும் வலியின் அளவும் எப்போதும் ஒத்துப்போவதில்லை என்பதை நோயாளியிடம் சொல்ல மறந்துவிடுகிறோம். நான்காம் நிலையோடு வயலில் நாற்று நடுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டாம் நிலையோடு கட்டிலைவிட்டு இறங்க அஞ்சுகிறவர்களும் இருக்கிறார்கள்.

உயரம் 152 செ.மீ., எடை 74 கிலோ, இடுப்புச் சுற்றளவு 98 செ.மீ. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பி.எம்.ஐ. 32. நம்மைப் போன்ற ஆசிய உடல்வாகுக்கு 25-ஐத் தாண்டினாலே பருமன், பெண்களுக்கு இடுப்பு 80 செ.மீ. தாண்டினாலே எச்சரிக்கை. வெறும் வயிற்றுச் சர்க்கரை 168, காலை உணவுக்குப் பின் 264, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 9.1 சதவீதம். ரத்த அழுத்தம் 146/88. கிரியாட்டினின் 1.2. இந்த வயதுப் பெண்ணுக்கு அது சிறுநீரகம் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 51 மி.லி. அளவுக்கு இறங்கிவிட்டதைக் குறிக்கிறது.

வலியைப் பத்துக்கு எத்தனை என்று கேட்டேன். சமதரையில் நடந்தால் 5, படி இறங்கினால் 7. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரச் சொன்னேன். 30 நொடியில் 5 முறை. 60 முதல் 64 வயதுப் பெண்கள் 12-க்குக் குறைவாகச் செய்தால் கால் வலு சராசரிக்கும் கீழே என்று பொருள். எழுந்து 3 மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்கார 16.2 நொடி எடுத்தது. 12 நொடியைத் தொட்டாலே விழும் அபாயத்தைக் கவனிக்க வேண்டும். பாதத்தில் 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையை வைத்துப் பார்த்ததில் வலது பெருவிரலின் அடியிலும் அதற்குப் பின்னால் உள்ள மேட்டிலும் உணர்வு இல்லை. நாடித்துடிப்பு இரு பாதத்திலும் நன்றாக இருந்தது. விழித்திரையில் தொடக்கநிலை மாற்றம் மட்டும். இதயத்தை மருத்துவர் ஏற்கெனவே பார்த்து, உடற்பயிற்சிக்குத் தடை இல்லை என்று எழுதியிருந்தார்.

இரண்டு செய்திகள் கோப்பில் இல்லை, பேச்சில்தான் வெளிவந்தன. வலி தாங்காத நாளில் மருந்துக் கடையில் டைக்ளோஃபெனாக் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார், வாரத்தில் நான்கைந்து நாள். நீரிழிவு, ரத்த அழுத்தம், டெல்மிசார்டன் மூன்றும் உள்ள உடலில் இந்த மாத்திரை சிறுநீரகத்தைத் தாக்கும். இரண்டாவது, இரண்டரை மாதத்துக்கு முன் ஓரிடத்தில் முழங்காலுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டிருக்கிறார்கள். ஊசி போட்ட மறுநாள் சர்க்கரை 340-ஐத் தொட்டது. ஒரு வாரம் இறங்கவில்லை. மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ரத்தத்திலும் கலந்து நீரிழிவு உள்ளவர்களுக்குச் சில நாட்கள் சர்க்கரையை ஏற்றும் என்பது தெரிந்த செய்தி. அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. பொங்கலைச் சாப்பிட்டதால்தான் ஏறியது என்று நினைத்து, அந்த வாரம் முழுவதும் இரவுச் சாப்பாட்டையே விட்டிருக்கிறார்.

மிச்சம் பிடித்த எலும்பு

பழைய சீட்டுகளைப் புரட்டியபோது ஒன்று கண்ணில் பட்டது. வேலையில் இருந்த கடைசி நான்கு ஆண்டுகளில் அவருடைய எச்பிஏ1சி 7.1-க்கும் 7.5-க்கும் இடையில்தான் நின்றிருக்கிறது. ஓய்வுக்குப் பிறகே ஏறத் தொடங்கியது. மருந்து மாறவில்லை. உணவும் பெரிதாக மாறவில்லை. மாறியது உடலின் வேலை. காலை எட்டு மணிக்குக் கூடத்துக்குப் போனால் அரிசி களைவது, அண்டா இறக்குவது, நின்றபடியே கிளறுவது, வரிசையில் வரும் பிள்ளைகளுக்குப் பரிமாறுவது, பாத்திரம் கழுவுவது என்று பிற்பகல் வரை ஓயாத வேலை. அப்போதும் முழங்கால் வலித்தது. "வலிக்கும், ஆனால் பிள்ளைகள் தட்டோடு நிற்குமே" என்றார்.

ஓய்வு பெற்ற பிறகு வலி அதிகமாகி மருத்துவரிடம் போனபோதுதான் மூட்டு தேய்ந்துவிட்டது என்ற செய்தி கிடைத்தது. அதற்குப் பிறகு அவர் செய்ததை அவர் சொன்னபடியே தருகிறேன்: "பால் வாங்கப் போவதைக்கூட நிறுத்திவிட்டேன். இருக்கிற எலும்பையாவது மிச்சம் பிடிக்கலாம் என்று."

இந்த நிகழ்வில் எனக்கு முக்கியமாகப் படுவது இந்த ஒரு வாக்கியம்தான். ஆஸ்டியோ ஆர்த்ரைடிஸ் என்ற நோய்க்கு நாம் தமிழில் பழக்கிவிட்ட பெயர் மூட்டுத் தேய்மானம். அம்மி தேயும், செருப்பு தேயும், டயர் தேயும். தேய்கிற பொருளைக் காப்பாற்ற வேண்டுமானால் எடுத்து வைத்துவிட வேண்டும். இந்தப் பெயரைக் கேட்டவர் உட்கார்ந்துவிட்டால் அவர்மீது குற்றம் சொல்ல முடியாது. சோம்பல் என்று அவருடைய கோப்பில் ஒருவர் எழுதியிருந்தார். 60 வயது வரை அண்டா தூக்கியவரைப் பற்றி அப்படி எழுதியிருந்ததைப் பார்த்து எனக்கு வருத்தமாக இருந்தது. அவர் நாம் கொடுத்த சொல்லுக்குக் கீழ்ப்படிந்தார்.

மூட்டுக்குள் உண்மையில் நடப்பது வேறு. எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. மூட்டுக்குள் ஊறும் திரவம்தான் அதற்கு உணவு. காலில் பாரம் விழும்போது குருத்தெலும்பிலிருந்து நீர் பிதுங்குகிறது. பாரம் நீங்கும்போது புதிய நீரும் ஊட்டமும் உள்ளே போகின்றன. அசையாத மூட்டு பட்டினி கிடக்கிற மூட்டு. அதோடு இது குருத்தெலும்பு மட்டும் சம்பந்தப்பட்ட நோயும் இல்லை. மூட்டு உறை, அடி எலும்பு, சுற்றியுள்ள தசை, கொழுப்பு எல்லாம் இதில் பங்கு கொள்கின்றன. கைவிரல் மூட்டுகள் உடலைச் சுமப்பதில்லை. ஆனாலும் பருமனானவர்களுக்கு அங்கேயும் இந்த நோய் அதிகமாக வருகிறது. உடற்கொழுப்பு சுரக்கும் அழற்சிப் பொருட்கள் ரத்தத்தின் வழியே மூட்டை எட்டுகின்றன என்பதற்கு இது ஒரு தடயம். ரத்தத்தில் மிகுந்த சர்க்கரை கொலாஜன் இழைகளோடு ஒட்டிக்கொண்டு அவற்றை விறைக்கச் செய்கிறது என்பது இன்னொன்று. எடையைத் தவிர்த்துப் பார்த்தால் நீரிழிவு மட்டும் எந்த அளவுக்கு மூட்டைக் கெடுக்கிறது என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. இரண்டும் ஒரே உடலில் சேர்ந்து குடியிருப்பதில் மட்டும் ஐயமில்லை. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வின்படி இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் 10 கோடிக்கும் மேல். அவர்களில் வயதானவர்களுக்கு மூட்டு வலியும் இருந்தால் அதை வியப்பாகப் பார்க்க முடியாது.

அவரிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "அம்மா, உங்கள் முழங்காலைத் தாங்குகிற தசையும், உங்கள் ரத்தத்திலிருந்து சர்க்கரையை வாங்குகிற தசையும் ஒன்றே. தொடையின் முன்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். அதைத்தான் இரண்டு ஆண்டாக ஓய்வில் வைத்திருக்கிறீர்கள்." சாப்பாட்டுக்குப் பின் இன்சுலினின் ஆணையால் ரத்தத்திலிருந்து வெளியேறும் குளுக்கோஸில் பெரும்பங்கைத் தசைகள்தான் எடுத்துக்கொள்கின்றன. தசை சுருங்கி விரியும்போது இன்சுலின் உதவி இல்லாமலேயே குளுக்கோஸை உள்ளே கடத்தும் புரதங்கள் செல்லின் மேற்பரப்புக்கு வந்துவிடுகின்றன. இன்சுலினுக்குச் செவிசாய்க்காத உடலிலும் இந்த வழி அடைபடுவதில்லை. ஒருமுறை பயிற்சி செய்தால் அதன் பலன் ஓரிரு நாள் நீடிக்கும், பிறகு மறையும். அதனால்தான் பயிற்சிக்குத் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடக் கூடாது என்கிறோம்.

இரண்டு சீட்டில் எதைக் கேட்பது என்ற கேள்விக்கு விடை இங்கேதான் தொடங்கியது. இரண்டையும் அப்படியே கேட்க முடியாது. 45 நிமிட நடையை அந்த முழங்கால் முதல் வாரத்திலேயே மறுத்துவிடும். படியைத் தொடாதே என்பதைக் கேட்டால் தொடைத் தசை மேலும் சுருங்கும்.

திண்ணையிலிருந்து கொல்லை வரை

முதல் வேலை மருந்து. பொது மருத்துவரிடம் பேசினேன். டைக்ளோஃபெனாக்கை முற்றிலும் நிறுத்தி, முழங்காலில் பூசும் களிம்பும் தேவைப்பட்டால் பாராசிட்டமாலும் எழுதினார். மெட்ஃபார்மினை நெடுநாள் எடுப்பவர்களுக்கு பி12 குறையலாம் என்பதால் அதையும் சோதித்தார். குறைவாகவே இருந்தது, ஊசி போடப்பட்டது. கால் மரத்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

வெளியே அடைமழை. தெருவில் சேறு. மரத்த பாதத்தோடு வழுக்கும் தரையில் அவரை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அவர் வீடு பழைய ஓட்டு வீடு. திண்ணையிலிருந்து கொல்லைக் கதவு வரை நீளமாகப் போகும் நடைவழி. எண்ணிப் பார்த்தோம், 31 அடி வைப்பு. முதல் ஆறு வாரமும் அதுதான் எங்கள் மைதானம். மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் அந்த நடைவழியில் 7 நிமிடம் நடக்க வேண்டும். இரண்டாம் வாரம் 10 நிமிடம்.

சாப்பிட்ட பிறகு என்று ஏன் வைத்தோம்? நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் 41 நீரிழிவு நோயாளிகளை வைத்து நடந்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வு இருக்கிறது. தினமும் ஏதோ ஒரு நேரத்தில் 30 நிமிடம் நடப்பதையும் மூன்று வேளை உணவுக்குப் பின் 10 நிமிடம் நடப்பதையும் ஒப்பிட்டார்கள். உணவுக்குப் பின் நடந்தபோது சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை 12 சதவீதம் குறைவாக இருந்தது. இரவு உணவுக்குப் பின் 22 சதவீதம். மொத்த நேரம் ஒன்றே. முழங்காலுக்கோ 30 நிமிடத்தைவிட மூன்று பத்து நிமிடங்கள் எவ்வளவோ எளிது. இரண்டு நோய்க்கும் ஒரே ஏற்பாடு பொருந்திவரும் இடங்கள் அரிது. இது அப்படி ஒன்று.

வாரத்தில் மூன்று நாள் வலுப் பயிற்சி. நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டி, கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, 8 முறை வீதம் இரண்டு சுற்று. நாள் ஆக ஆக ஒரு தலையணையை எடுத்துவிடுவோம். துணிப் பையில் ஒரு கிலோ மணல் கட்டி, கணுக்காலில் மாட்டி, உட்கார்ந்தபடியே காலை நேராக நீட்டுவது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது. பழைய சைக்கிள் டியூபை அறுத்து இரண்டு முழங்காலையும் சேர்த்துக் கட்டி, கட்டிலில் படுத்துக் கால்களை அகற்றுவது. இது இடுப்புப் பக்கத் தசைக்கு, நடக்கும்போது முழங்கால் உள்நோக்கிச் சாயாமல் இருக்க. பிறகு வாசற்படி. படியே ஏறாதே என்று சொல்லப்பட்டவரை நான்காம் வாரம் வாசற்படியில் ஏறி இறங்கச் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது. நிலையைப் பிடித்துக்கொண்டு ஏறினார். இறங்கவில்லை. நான் கீழே நின்று கையைக் கொடுத்தேன்.

அவர் அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. பெர்லினில், அளவிடும் கருவி பொருத்திய செயற்கை மூட்டுகளை நோயாளிகளின் முழங்காலில் வைத்து அளந்தார்கள். சமதரையில் நடக்கும்போது முழங்காலில் விழும் விசை உடல் எடையைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. படி இறங்கும்போது மூன்றரை மடங்கு. 74 கிலோ எடையுள்ளவர் ஒரு படி இறங்கினால் முழங்கால் 250 கிலோவுக்கு மேல் தாங்குகிறது. அந்தத் தாக்கத்தைத் தொடைத் தசை தணித்து வாங்கிக்கொள்ளும் அளவுக்கு வலுவாக வேண்டும் என்பதற்காகத்தான் 10 செ.மீ. உயரமுள்ள ஒற்றைப் படியில் தொடங்கினோம்.

வலிக்கு ஒரு விதி வைத்தோம். பயிற்சியின்போது பத்துக்கு 5 வரை வலிக்கலாம். மறுநாள் காலைக்குள் பழைய அளவுக்கு இறங்கிவிட வேண்டும். இறங்காவிட்டால் அடுத்த முறை பாதியாகக் குறைக்க வேண்டும், நிறுத்தக் கூடாது. டென்மார்க்கில் 2013-இல் தொடங்கி இன்று பல நாடுகளில் நடக்கும் கிளாட் என்ற மூட்டுப் பயிற்சித் திட்டத்திலும் இதே போன்ற விதிதான். வலித்தால் மூட்டு கெடுகிறது என்று நம்புகிறவருக்கு இந்த விதி பயிற்சியைவிடப் பெரிய மருந்து. அமெரிக்காவில் 60 வயது கடந்த 439 மூட்டு நோயாளிகளை நடை, எடைப் பயிற்சி, அறிவுரை மட்டும் என மூன்று குழுவாகப் பிரித்து 18 மாதம் பார்த்த ஆய்வு 1997-இல் வெளியானது. பயிற்சி செய்தவர்களுக்கு வலியும் இயலாமையும் குறைந்தன. எக்ஸ்ரேயில் அவர்களுடைய மூட்டு, பயிற்சி செய்யாதவர்களுடையதைவிட மோசமாகவில்லை. அவரிடம் இதைச் சொன்னபோது, "பதினெட்டு மாதமா நடந்தார்கள்?" என்று மட்டும் கேட்டார்.

நான்கு இட்லிச் சோதனை

சொல்லி நம்ப வைப்பதைவிட அவரே பார்க்கட்டும் என்று மூன்றாம் வாரம் ஒரு சோதனை செய்தோம். அடுத்தடுத்த மூன்று நாள் ஒரே காலை உணவு: நான்கு இட்லி, சாம்பார், தேங்காய்ச் சட்னி. மூன்று நாளும் அதே மாத்திரை. முதல் நாள் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு மணி நேரத்துக்குப் பின் 258. இரண்டாம் நாள் சாப்பிட்டு கால் மணி கழித்து நடைவழியில் 15 நிமிடம் நடந்தார். 207. மூன்றாம் நாள் நடக்கவே இல்லை. நாற்காலியில் எழுந்து உட்காருவதும் குதிகால் உயர்த்துவதும் மாற்றி மாற்றி, இடையிடையே இளைப்பாறி, 15 நிமிடம். 214.

ஒருவரிடம் மூன்று நாள் எடுத்த மூன்று எண்கள் அறிவியல் நிரூபணம் ஆகாது. குளுக்கோமீட்டரிலேயே பத்துப் பதினைந்து சதவீதம் வரை முன்பின் ஆகும். ஆனால் அவருடைய வீட்டில் அந்த எண்கள் செய்த வேலையை என் பேச்சு செய்திருக்காது. மூன்றாவது எண்ணைப் பார்த்து நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்படியானால் கூடத்தில் நின்று கிளறினேனே, அதுவும் மருந்துதானா?" என்றார். ஆம் என்றேன். மறுநாளிலிருந்து குழம்பைத் தாளிக்கும்போது நாற்காலி போட்டு உட்காருவதை விட்டுவிட்டார்.

உணவில் பெரிய மாற்றம் எதையும் நான் சொல்லவில்லை. ஊட்டச்சத்து ஆலோசகர் சொன்னது மூன்றே. மதியம் சோற்றின் அளவைப் பாதியாக்கி அந்த இடத்தில் காய், முட்டை அல்லது சுண்டல். மாலைத் தேநீருக்குச் சர்க்கரை இல்லை. இரவுச் சாப்பாடு எட்டு மணிக்குள். கேழ்வரகுக் கூழ் குடித்தால் சர்க்கரை ஏறாது என்று எண்ணிப் பெரிய சொம்பு நிறையக் குடித்துக்கொண்டிருந்தார். அதையும் அளந்து பார்த்தோம். ஏறியது. சொம்பு சிறிய டம்ளர் ஆனது.

மார்கழியில் நடந்தது

பத்தாம் வாரம் மழை விட்டு மார்கழி பிறந்தது. 12 நிமிடம் வலியில்லாமல் நடக்க முடிகிறது என்ற துணிவு வந்திருந்தது. தெருவில் உள்ள பெண்கள் விடியற்காலையில் கோயிலுக்கு நடந்து போனார்கள். அவரும் புறப்பட்டார். வழக்கம்போல் எழுந்தவுடன் கிளிமிபிரைடு போட்டுக்கொண்டு, வெறும் வயிற்றில், போகவர 40 நிமிடம். திரும்பும் வழியில் வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, கண் இருட்டியது. பனிக்காலையில் வியர்ப்பதைப் பார்த்த பக்கத்து வீட்டுப் பெண் மாரடைப்பு என்று பதறிவிட்டார். வீட்டில் சர்க்கரையை அளந்தபோது 58. சர்க்கரை கரைத்த நீரைக் கொடுத்து 15 நிமிடத்தில் தெளிந்தார்.

இதில் பிழை என்னுடையது. சாப்பாட்டுக்குப் பின் நட என்று சொன்னேனே தவிர, சாப்பாட்டுக்கு முன் நடக்காதே என்று அழுத்திச் சொல்லவில்லை. கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மருந்து. உணவு உள்ளே போகாமல், தசையும் தன் பங்குக்குச் சர்க்கரையை இழுத்தால் அளவு தாழத்தான் செய்யும். இன்சுலின் போடுகிறவர்களுக்கும் இதே அபாயம். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இது அரிது. மருத்துவர் அன்றே கிளிமிபிரைடை 1 மி.கி. ஆகக் குறைத்து, காலை உணவோடு மட்டும் எடுக்கச் சொன்னார். அதன் பிறகு நடைக்கு முன் 100-க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழமோ இரண்டு பிஸ்கட்டோ சாப்பிட்ட பிறகே புறப்பட வேண்டும் என்பதும், புடவை முந்தியில் நான்கு குளுக்கோஸ் மிட்டாய் முடிந்திருக்க வேண்டும் என்பதும் வழக்கமாயின. உடற்பயிற்சி ஒரு மருந்து என்று மேடைதோறும் சொல்கிறோம். மருந்து என்றால் மற்ற மருந்துகளோடு சேர்த்து அளவு பார்க்க வேண்டும் என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்.

தை மாதத்தில் அக்காள் மகள் திருமணம். இரண்டு நாள் தரையில் உட்கார்ந்து பூக் கட்டியதில் வலது முழங்கால் வீங்கிவிட்டது. பயிற்சியைப் பாதியாக்கி, ஒத்தடம் கொடுத்து, ஐந்து நாளில் சமாளித்தோம். அதைவிடப் பாடம் கற்பித்தது 17-ஆம் வாரத்துக் கொப்புளம். ரப்பர் செருப்பின் வார் பெருவிரலின் அடியில் உரசிக் கொப்புளமாகி உடைந்திருக்கிறது. அந்த இடத்தில்தான் உணர்வே இல்லையே. தரையில் ஈரத்தடம் பார்த்து அவருடைய பேத்தி கண்டுபிடித்தாள். நல்ல வேளை, ஆழமாகப் போகவில்லை. புண் ஆறும் வரை நடையை அடியோடு நிறுத்த வேண்டியதாயிற்று. 16 நாள்.

நடை நின்றால் எல்லாம் போயிற்று என்று அவர் அழுதுவிட்டார். ஆனால் அந்த 16 நாளில்தான் எனக்கும் சில தெளிவாயின. சாப்பாட்டுக்குப் பின் உட்கார்ந்தபடியே மணல் பையோடு கால் நீட்டுவது, கட்டிலில் படுத்து இடுப்பை உயர்த்துவது, இரண்டு தண்ணீர்ப் பாட்டிலைக் கையில் பிடித்துத் தோள்பட்டைப் பயிற்சி, சுவரில் கட்டிய சைக்கிள் டியூபை இழுப்பது. பாதத்தில் பாரம் விழாத பயிற்சிகள் மட்டும். உணவுக்குப் பிந்தைய சர்க்கரை அந்த நாட்களில் 178-க்கும் 205-க்கும் இடையில் நின்றது; அதற்கு முந்தைய வாரம் 170-லிருந்து 196 வரை இருந்தது. சற்றே ஏற்றம். அவ்வளவுதான். நீரிழிவுக்கு உடற்பயிற்சி என்றாலே நடை என்று நம் ஊரில் பதிந்துவிட்டது. நடக்க முடியாதவர்கள் தங்களுக்கு வழியே இல்லை என்று முடிவு செய்துகொள்கிறார்கள். கனடாவில் 251 நீரிழிவு நோயாளிகளிடம் நடத்தி 2007-இல் வெளியான ஆய்வில், வலுப் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கும் எச்பிஏ1சி குறைந்தது. நடை போன்ற பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கும் குறைந்தது. இரண்டும் சேர்த்துச் செய்தவர்களுக்குத்தான் மிகுதியாகக் குறைந்தது. முழங்கால் வலியால் நடையைக் குறைத்தவருக்கு இந்தச் செய்தி போய்ச் சேர வேண்டும்.

புண் ஆறியதும் எம்.சி.ஆர். செருப்பு வாங்கினார். மென்மையான ரப்பர் அடிப்பாகம், விரலிடுக்கில் வார் இல்லாமல் பின்பட்டையோடு இருப்பது. அதைப் போட்டுக்கொண்டு வெளியே போகக் கூச்சப்பட்டார். நோயாளிச் செருப்பு என்று தெரிந்துவிடுமே என்று. தினமும் இரவில் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாதத்தின் அடியைப் பார்ப்பது பேத்தியின் பொறுப்பு. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலரும் வரும்போதெல்லாம் காலைப் பார்த்துவிட்டுப் போகிறார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் இயன்முறை சிகிச்சையும் உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. நடக்க முடியாதவர்கள் கேட்டுப் பெற வேண்டிய சேவை அது.

24 வாரத்துக்குப் பின்

எடை 74-லிருந்து 12-ஆம் வாரம் 71.8, 24-ஆம் வாரம் 69.6 கிலோ. இடுப்பு 98-லிருந்து 93 செ.மீ. எச்பிஏ1சி 9.1, 8.0, 7.4. ரத்த அழுத்தம் 134/82. கிரியாட்டினின் 1.2-லிருந்து 1.0. அரை நிமிடத்தில் எழுந்து உட்காருவது 5, 9, 12. எழுந்து நடந்து திரும்புவது 16.2, 12.8, 10.9 நொடி. நடக்கும்போது வலி 5-லிருந்து 2. படி இறங்கும்போது 7-லிருந்து 4.

இவற்றை எப்படிப் படிக்க வேண்டும் என்பதில் நேர்மை தேவை. முதல் எச்பிஏ1சி எடுத்தது ஸ்டீராய்டு ஊசி போட்ட மூன்று மாதத்துக்குள். 9.1-இல் ஊசியின் பங்கும் இருக்கிறது. பயிற்சி இல்லாமலே ஓரளவு இறங்கியிருக்கும். பல ஆய்வுகளைத் தொகுத்து 2011-இல் வெளியான கணக்கின்படி, வாரம் 150 நிமிடத்துக்கு மேல் முறையாகப் பயிற்சி செய்தவர்களுக்கு எச்பிஏ1சி சராசரியாக 0.89 புள்ளி குறைகிறது. இவருக்குக் குறைந்த 1.7-இல் உணவு மாற்றமும் எடைக் குறைவும் ஊசியின் தாக்கம் நீங்கியதும் கலந்திருக்கின்றன. கிளிமிபிரைடைப் பாதியாகக் குறைத்த பிறகும் இந்த எண் கிடைத்தது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன். கிரியாட்டினின் இறங்கியதற்குப் பெரும் காரணம் டைக்ளோஃபெனாக் நின்றது. அதைப் பயிற்சியின் கணக்கில் எழுதக் கூடாது.

வலியிலும் அப்படியே. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015-இல் 54 ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்ட மதிப்பீட்டில், முழங்கால் நோய்க்குப் பயிற்சி தந்த வலிக்குறைவு நூற்றுக்கு 12 புள்ளி அளவில் இருந்தது. 2024-இல் அதை விரிவாக்கிப் பார்த்தபோது பலன் அதைவிடச் சிறியதாகத் தெரிந்தது. பயிற்சி செய்தால் வலி பறந்துவிடும் என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. அவருக்கும் வலி போகவில்லை. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் 454 முழங்கால் நோயாளிகளிடம் 18 மாதம் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், உணவுக் கட்டுப்பாடும் பயிற்சியும் சேர்ந்த குழு 10 கிலோவுக்கு மேல் எடை குறைந்தது. வலியும் அவர்களுக்கே அதிகம் குறைந்தது. அதே ஆய்வுக் குழு முன்பு கணக்கிட்டபடி, ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் நான்கு கிலோ பாரம் குறைகிறது. 4.4 கிலோ குறைந்த இவருக்கு அடிக்கு 17 கிலோவுக்கு மேல். இதைச் சொன்னபோது, "ஒரு அரிசிச் சிப்பத்தில் பாதிக்கு மேலே ஆயிற்றே" என்று அவரே கணக்குப் போட்டார். சிப்பம் தூக்கிய தோள் அல்லவா.

வலது முழங்காலுக்கு ஒருநாள் மூட்டு மாற்று அறுவை தேவைப்படலாம். அதை அவரிடம் மறைக்கவில்லை. அப்படி வந்தால் 9-க்கு மேல் எச்பிஏ1சியோடு போவதற்கும் 7.4-ஓடு போவதற்கும், புண் ஆறுவதிலும் தொற்றிலும் வேறுபாடு உண்டு. வலுவான தொடையோடு போகிறவர் அறுவைக்குப் பின் விரைவில் எழுந்து நடப்பார்.

பங்குனிக் கடைசியில் அவர் வந்தபோது ஒரே கோப்புதான் கொண்டுவந்தார். இரண்டையும் ஒன்றாகத் தைத்துவிட்டதாகச் சொன்னார். கடைசித் தாளில் நான் எழுதியது: மணல் பை இரண்டு கிலோ. தலையணை இல்லாத நாற்காலி. வாசற்படி இரண்டாக. வெயில் காலத்தில் நடை மீண்டும் திண்ணையிலிருந்து கொல்லை வரை. பேத்தி பாதம் பார்க்க வேண்டும். ஆடியில் ரத்தப் பரிசோதனை.